எண்ணிக்கை

மூடுவதற்கு முன் நான் எண்ண வேண்டும்.
குதாய்சி மருத்துவமனை, இரண்டாம் அரங்கு,
பதினேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு:
பஞ்சு முப்பது. ஊசி பதினொன்று. கத்தி இரண்டு.
ஒன்று குறைந்தாலும்
வயிறு திறந்தபடியே கிடக்கும்.
குப்பைக் கூடையைக் கவிழ்ப்போம்.
செருப்பின் அடியைத் திருப்பிப் பார்ப்போம்.
ஒருமுறை நாற்பது நிமிடம் தேடினோம்,
அமிரானின் முழங்கை மடிப்பில்
சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிக்ரியா வந்தது ஒரு பிப்ரவரியில், சேற்று மழையில்.
எங்கள் மொழியில் அவள் பெயருக்கு எண்ணம் என்று பொருள்.
அவளை ஒரு பொருட்டாய் யாரும் எண்ணவில்லை.
அந்த வருடம் அறுவைப் பயிற்சிக்குப்
பெண்கள் ஒன்பது பேர். ஆண்கள் நாலு.
எழுதி வைக்கவில்லை;
எண்ணிப் பழகியவளுக்கு எழுதாமலே நிற்கும்.

மேசை அமிரானின் உயரத்தில் நின்றது.
அவருக்குத் தொப்புள், அவளுக்கு மார்பு.
கிடங்கிலிருந்து ஒரு மரப்படி வந்தது,
திராட்சைப் பெட்டியின் பலகையில் அடித்தது,
ஓரத்தில் பாதி அழிந்த ஒரு கொத்து, இரண்டு இலை.
அதன்மேல் ஏறி நின்று
பதினொரு வருடம் தைத்தாள்.

ஒன்பதில் ஒருத்தி
மயக்கமருந்துப் பக்கம் போய்விட்டாள்.
"குடும்பத்துக்கு வசதி" என்றார்கள்,
அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.
ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள்;
திரும்பி வந்தபோது அவள் அலமாரியில்
கோச்சாவின் அங்கி தொங்கியது.
ஒருத்தி ஜெர்மனியில், முதியோர் இல்லமொன்றில்
விரிப்பு மாற்றுகிறாள். சம்பளம் அங்கே அதிகமாம்.
மற்றவர்களைப் பற்றித் தெரியாது.
அதைத்தான் சொல்ல வந்தேன். தெரியாது.
கூடையை யாரும் கவிழ்க்கவில்லை.

"டாக்டர் எப்போது வருவார், மகளே?"
தன் பித்தப்பையை எடுத்தவளிடமே கேட்டார்
கோனியிலிருந்து வந்த பன்றிப் பண்ணைக்காரர்.
"வந்தாயிற்று" என்றாள்,
கட்டைப் பிரித்துக்கொண்டே.
அவர் கதவைப் பார்த்தார்.

அவளுக்கு நாலு வருடம் பின்னால் வந்த கோச்சா
அவளுக்கு மேலே போனான்.
நல்லவன்தான். ஈஸ்டருக்கு எனக்கு ரொட்டி அனுப்புவான்.
கணக்காளர் அவசரத்தில் இரண்டு உறைகளையும்
என் கையில் கொடுத்தனுப்பிய நாளில்
ஒன்று தடிமன். நான் எடை பார்க்கப் பழகாதவள்,
ஆனாலும் விரலுக்குத் தெரிந்தது.

இந்த இலையுதிர்காலம் அமிரான் ஓய்வு பெற்றார்.
கோச்சா மூன்று மாதப் பயிற்சிக்கு அங்காரா போனான்.
அதுவரைக்கும், தற்காலிகமாக, என்று
ஆணையில் இரண்டு முறை அச்சடித்து
அவளிடம் அரங்கைக் கொடுத்தார்கள்.

முதல் நாள். குடல்வால். பதினான்கு வயதுப் பையன்.
கைகளை உயர்த்தியபடி உள்ளே வந்தவள்
மேசையைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள்.
"இறக்குங்கள்" என்றாள்.

மிதி என் இடது காலுக்குப் பக்கத்தில்.
பதினொரு வருடமும் அங்கேதான் இருந்தது,
தினம் அதைச் சுற்றித் துடைத்திருக்கிறேன்.
அவளும் கேட்டதில்லை.
நானும் மிதித்ததில்லை.

மிதித்தேன். பெருமூச்சு போல ஒரு சத்தம்,
மேசை ஒரு சாண் கீழே வந்தது.
அவளுடைய வலது கால் மட்டும்
பழக்கத்தில் மேலே எழுந்து,
படி இல்லாத இடத்தில் ஒரு கணம் தொங்கி,
தரைக்குத் திரும்பியது.

எதிரே நின்ற நெட்டைப் பயிற்சியாளன்
அரை மணி நேரத்தில் "முதுகு" என்று முனகினான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மரப்படி இப்போது துப்புரவுக்கார நானுலியிடம்,
கொல்லைப்புறத்தில் அதில் உட்கார்ந்துதான்
சிகரெட் பிடிக்கிறாள்.

பஞ்சு முப்பது. ஊசி பதினொன்று. கத்தி இரண்டு.
"கணக்கு சரியா?" என்றாள் பிக்ரியா.
"மேசைமேல் இருப்பது சரி" என்றேன்.
முகமூடிக்கு மேலே அவள் கண்
என்மேல் கொஞ்சம் நின்றது.
பிறகு நூல் கேட்டாள்.